மனைதோறும் மின்னொளி

இக்காலத்து இல்லங்களில் விசையைத் தட்டிய அளவில் விளக்கு ஒளிர்கின்றது. இவ்வசதிக்கு வழிகோலியவருள் தலைசிறந்தவர் தாமஸ் ஆல்வா எடிசன் ஆவார்.

அவர் 1847ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் மிலான் என்னும் ஊரில் பிறந்தார். பள்ளியில் சின்னாளே பயின்றார், அன்னையே ஆசானாயினார். இளமையில் புகைவண்டியில் செய்தித்தாள் விற்றார். பின்னர்த் தந்தித் தொழில் கற்றார்.

1879இல் நெடுநேரம் எரியும் மின்விளக்கை ஆக்கினார். ஆயினும், விளக்கிருந்தால் மட்டும் போதுமா? மின்சாரம் ஒரு கம்பியால் வந்து மற்றொரு கம்பியால் மீளுதல் வேண்டும். விளக்குகளை ஒரே தொடராகக் கோத்தால், ஒன்று பழுதுற அனைத்தும் அணையும். ஆதலின், ஒவ்வொன்றையும் இரு கம்பிகளுக்கும் இடையே தனித்தனியே இணைத்தார். மின்சாரம் அளவிறந்து பாயுங்கால் தான் உருகித் தொடர்பை அறுக்கும் கம்பிக்கு 1880இல் காப்புரிமை பெற்றார். பியூஸ் என இன்று வழங்குவது அதன் வழிவந்ததே.

அந்நாளில் நியூயார்க் நகரில், வாண்டர்பில்ட் என்னும் பெருஞ்செல்வரின் மாளிகையில் மின்விளக்கு அமைத்தனர். சுவரை மூடிய துணியில் மெல்லிய உலோக இழைகள் இருந்தன. அவற்றால் இரு கம்பிகளும் தொடர்புற, துணி கனன்றது. காரணத்தை உணர்ந்த எடிசன், உடனே மின்சாரத்தை நிறுத்தச் செய்தார், தீயும் அடங்கிற்று. ஆயினும், அச்சம் நீங்காத இல்லத்தலைவியார் அவ்வமைப்பு முழுவதையும் அகற்றச் செய்தார்.

கம்பி பொருத்தும் தொழிலை முறையாக அறிந்தோர் அக்காலத்தில் அரியர். ஆதலின், எடிசன் தம் பணியாளர்க்கென இரவுப் பள்ளி ஏற்படுத்தினார். 1882 செப்டம்பர் 4 அன்று, பேர்ல் தெரு மின்நிலையத்திலிருந்து நிலத்தடிக் கம்பிகளின் வழியே சுற்றியிருந்த கட்டடங்கள் ஒளி பெற்றன.

எடிசன் 1931இல் மறைந்தார். மாணவர்களே! மின்சாரம் செல்லும் நெறியை அறிந்தார்க்கு அது ஏவல் செய்யும். அறியாது தொடுவார்க்குக் கேடு விளைக்கும். ஆதலின், கற்றபின் தொடுக.