இருபது ரூபாய்க் கணக்கு

மும்பை மாநகரின் பழைய கோட்டைப் பகுதி வழியே செல்லும் பெருஞ்சாலை ஒன்று தாதாபாய் நௌரோஜியின் பெயரைத் தாங்கியுள்ளது. ஃபுளோரா நீரூற்றின் அருகே அவருடைய சிலையும் உண்டு. புதுதில்லியில் நௌரோஜி நகர் என்றே ஒரு பகுதி இருக்கிறது. உங்களில் சிலர் பள்ளிப் பேருந்தில் அமர்ந்தவாறே இவ்விடங்களைக் கடந்திருப்பீர்கள். பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அமர்ந்த இந்தியர் என்றும், காங்கிரசுப் பேரவையின் முதுபெருந்தலைவர் என்றும் வரலாற்றுப் பாடநூல் அவரைக் குறிப்பிடும். இப்பாடம் அவர் போட்ட ஒரு கணக்கைப் பற்றியது.

தாதாபாய் 1825ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் எளிய பார்சிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவருக்கு நான்கு வயது இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். கல்வி பெறாத அன்னை மானெக்பாய், தம் ஒரே மகனைப் படிக்க வைப்பதில் உறுதியாக நின்றார். நல்வாய்ப்பாக அந்நாளில் பம்பாயில் கட்டணமில்லாப் பள்ளி இருந்தது. கட்டணம் கேட்கப்பட்டிருந்தால் அவருடைய கல்வி தொடக்கத்திலேயே நின்றிருக்கும்.

இலவசம் என்றால் எவரும் பணம் கொடுக்கவில்லை என்றே நாம் எண்ணுகிறோம். இளைஞர் தாதாபாய் அவ்வாறு எண்ணவில்லை. ஆசிரியருக்கு ஊதியம் எங்கிருந்து வந்தது என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். வரி செலுத்திய ஏழை மக்களிடமிருந்துதான் வந்தது என்ற முடிவுக்கு வந்தார். தம் கல்வி அவர்களிடம் பட்ட கடன் என்றும், அதனை உழைப்பால் திருப்பித் தர வேண்டும் என்றும் கருதினார். நண்பர்களுடன் சேர்ந்து 1849இல் பெண்குழந்தைகளுக்குப் பள்ளிகள் தொடங்கியதும், ஊதியமின்றி அவற்றில் கற்பித்ததும் அக்கடனின் முதல் தவணைகள் எனலாம்.

எல்ஃபின்ஸ்டன் கல்விக்கூடத்தில் அவர் கணிதப் பேராசிரியராக உயர்ந்தார். இந்தியர் ஒருவர் அங்கே அப்பதவியைப் பெற்றது அதுவே முதன்முறை. ஆயினும் 1855இல் அப்பதவியை விட்டு, காமா வணிக நிறுவனத்தின் பங்காளியாக இலண்டன் சென்றார். அந்நிறுவனம் அபினியும் மதுவும் விற்று ஈட்டிய பொருளில் பங்கு பெற அவர் மனம் ஒப்பவில்லை. அதிலிருந்து விலகிப் பருத்தி வணிகத்தைத் தாமே நடத்தினார். விலை, சரக்கு, கப்பல் கூலி, வட்டி ஆகிய அனைத்தையும் அங்கே நேரடியாக அறிந்தார். வகுப்பறையில் கற்ற கணிதத்தோடு வணிகப் பேரேட்டின் அறிவும் சேர்ந்தது.

1866இல் ஒரிசாவில் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அந்நிய ஆட்சியில் இந்தியா செழித்து வருவதாக இலண்டனில் பலர் நம்பிய காலம் அது. இருப்புப்பாதைகள் நீண்டன, ஏற்றுமதியும் பெருகியது. அவ்வாறாயின் மக்கள் ஏன் பசியால் சாகின்றனர்? இதற்கு விடை காண, முதலில் இன்னொரு கேள்விக்கு விடை தேவைப்பட்டது. இந்தியன் ஒருவனுக்கு ஆண்டுக்குச் சராசரியாக எவ்வளவு வருமானம்? இக்கேள்விக்கு விடையளிக்கும் கணக்கு அரசாங்கத்திடம் அப்போது இல்லை.

தாதாபாய் மாகாண நிர்வாக அறிக்கைகளை வரவழைத்து ஆராய்ந்தார். பயிரிட்ட நிலம் எத்தனை ஏக்கர், ஏக்கருக்கு விளைச்சல் எவ்வளவு, சந்தை விலை என்ன என்று ஒவ்வொன்றாகத் தொகுத்தார். அப்போது அறிக்கைகளில் ஒரு பெரும்பிழை இருப்பதைக் கண்டார். மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று செல்வோம். உங்கள் கணித ஆசிரியருக்கும் இது பிடிக்கும்.

ஒரு மாவட்டத்தில் ஆயிரம் ஏக்கரில் நெல் விளைகிறது. விலை மணங்குக்கு ஒரு ரூபாய் என்று கொள்வோம். மற்றொரு மாவட்டத்தில் பத்து ஏக்கரில் மட்டுமே நெல் விளைகிறது. விலை ஐந்து ரூபாய். சராசரி விலை என்ன? ஒன்றையும் ஐந்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, மூன்று ரூபாய் என்று எழுதுவதே அலுவலர்களின் வழக்கமாக இருந்தது. ஏக்கருக்கு விளைச்சல் சமமாயின், உண்மையான சராசரி ஒரு ரூபாயைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இல்லாத செல்வம் இவ்வாறு தாளில் உண்டாயிற்று. மத்திய மாகாண அறிக்கையைத் தாதாபாய் திருத்திக் கணக்கிட்டபோது நெல்லின் விலை குறைந்தது. ஏக்கருக்கான விளைச்சலோ அரசு சொன்னதைவிடக் கூடியது. விளைச்சல் கூடியது அவர் வாதத்திற்குச் சாதகமன்று. எனினும் அதனையும் மறைக்காமல் எழுதினார். அவரிடம் நான் பெரிதும் மதிப்பது இதனைத்தான்.

தானியங்களோடு நின்றுவிடாமல் கால்நடை, மீன், உப்பு, நிலக்கரி, கைத்தொழில் ஆகியவற்றிற்கும், கணக்கில் விடுபட்டவற்றிற்கும் தாராளமாக ஒரு தொகையைச் சேர்த்தார். மொத்தம் 34 கோடி பவுன் வந்தது. மக்கள்தொகையை 17 கோடியாகக் கொண்டார். ஆளுக்கு இரண்டு பவுன். அன்றைய மதிப்பில் ஆண்டுக்கு 20 ரூபாய்.

இருபது ரூபாய் அதிகமா, குறைவா? அன்றைய விலைவாசியை அறியாத நமக்குத் தெரியாது. இங்கிலாந்து மக்களுக்கும் தெரிந்திருக்காது. ஆகவே அவர் ஓர் அளவுகோலைத் தேடினார். அதனை அரசாங்கத்தின் சிறைச்சாலைக் கணக்கிலேயே கண்டெடுத்தார்! கைதி ஒருவனின் உணவிற்கும் உடைக்கும் பம்பாய் மாகாண அரசு ஆண்டுக்கு ஏறத்தாழ 47 ரூபாய் செலவிட்டது. அம்மாகாணத்தில் ஆள் ஒன்றுக்கு விளைந்த வருமானமோ 22 ரூபாய். தமிழ்நாட்டை உள்ளடக்கிய சென்னை மாகாணத்தில் கைதிக்கு ஏறத்தாழ 53 ரூபாய். வருமானம் 18 ரூபாய். குற்றம் செய்து சிறைக்குச் சென்றவன் உண்ட உணவு, நேர்மையாக உழைத்த உழவனுக்குக் கிட்டவில்லை. கைதிக்குக் குறைத்துவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. கைதிக்கு அரசு வகுத்தது உயிர் வாழப் போதுமான அளவே. வெளியிலிருந்தவனுக்கு அதுவும் இல்லை. மேலும் 20 ரூபாய் என்பது சராசரியே. அரசரும் நிலக்கிழாரும் வணிகரும் தம் பங்கைப் பெரிதாக எடுத்துக்கொண்டபின், கடைக்கோடியில் உள்ளவனுக்கு எஞ்சியது அதனினும் குறைவு.

இக்கட்டுரையை 1876இல் அவர் பம்பாயில் படித்தார். அதே ஆண்டில் தென்னிந்தியாவில் பெரும்பஞ்சம் தொடங்கியது. சென்னை மாகாணத்துச் சிற்றூர்கள் பலவற்றை வெறுமையாக்கிய தாது வருடப் பஞ்சம் அது.

இலண்டனில் இருந்த இந்திய அமைச்சகம் வாளாவிருக்கவில்லை. டான்வர்ஸ் என்னும் அலுவலர், இருப்புப்பாதை தரும் வருவாய் முதலியவை கணக்கில் விடுபட்டன என்றார். பஞ்சாபில் விளைந்த நூறு மணங்கு கோதுமையை இரயிலில் பம்பாய்க்குக் கொண்டுசென்றாலும் அது நூறு மணங்குதான். கூடிய விலையைப் பம்பாயில் வாங்குபவன் தன் பையிலிருந்தே தருகிறான் எனத் தாதாபாய் மறுத்தார். இன்றைய பொருளியலார் இவ்விடத்தில் அவரோடு உடன்படமாட்டார்கள். சரக்கை உரிய இடத்தில் சேர்ப்பதும் ஒரு பணி. அதன் மதிப்பும் நாட்டு வருமானத்தில் இன்று சேர்க்கப்படுகிறது. அம்முறையில் பார்த்தால் அவருடைய தொகை சற்றுக் குறைவே. ஆனால் எவ்வளவு குறைவு? 1882இல் அரசின் நிதிப்பொறுப்பாளர் பேரிங் கணக்கிட்டபோது வந்த விடை 27 ரூபாய். 1901இல் கர்சன் பிரபு சொன்னது 30 ரூபாய். சிறைச்சாலைச் செலவை இவையும் எட்டவில்லை. பேரிங்கின் கணக்கு விவரங்களைத் தாதாபாய் பன்முறை கேட்டும் அரசு வெளியிடவில்லை.

வறுமைக்குக் காரணத்தையும் அவர் பேரேட்டு முறையிலேயே தேடினார். ஆண்டுதோறும் இந்தியாவிலிருந்து வெளியேறிய சரக்கின் மதிப்பு, உள்ளே வந்த சரக்கின் மதிப்பைவிட மிகுந்திருந்தது. இவ்வேறுபாட்டுத் தொகை இந்தியருக்குத் திரும்பவில்லை. ஆங்கில அலுவலரின் சேமிப்பாகவும், ஓய்வூதியமாகவும், கடன் வட்டியாகவும் அது இங்கிலாந்திலேயே தங்கியது. வீட்டிலுள்ளோர் உண்ணும் முன்பே ஒரு பங்கு நெல் ஒவ்வோர் ஆண்டும் வெளியே போய்க்கொண்டிருந்தால் குதிர் எப்படி நிரம்பும்? இதனைச் செல்வச்சுரண்டல் கோட்பாடு என்று பின்னர் அழைத்தனர். உயர்பதவிகளில் இந்தியரை அமர்த்தினால் ஊதியமேனும் இங்கேயே தங்கும் என்பதால், ஆட்சிப்பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்துமாறு இடைவிடாது வற்புறுத்தினார்.

1892இல் இலண்டனின் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் ஐந்தே வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். மறு எண்ணிக்கையில் அது மூன்றாயிற்று. மறு ஆண்டு, தேர்வை இரு நாட்டிலும் நடத்தும் தீர்மானம் காமன்ஸ் அவையில் நிறைவேறியது. அரசு அதனைச் செயற்படுத்தவில்லை. 1895இல் அமைந்த வெல்பி ஆணையத்தில் உறுப்பினராக இருந்து இந்தியச் செலவினங்களைக் கிளறினார். 1897இல் அவ்வாணையத்தின்முன் சான்றளித்த இந்தியருள் கோகலேயும், தமிழகத்து இதழாளர் ஜி. சுப்பிரமணிய ஐயரும் இருந்தனர்.

தம் ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 1901இல் பெருநூலாக வெளியிட்டார். எண்பது வயதைக் கடந்து தாயகம் திரும்பிய அவர், பம்பாயின் வெர்சோவா கடற்கரைப் பகுதியில் வாழ்ந்தார். 1917ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் மறைந்தார்.

பயிற்சி

1. தம் இலவசக் கல்வியைத் தாதாபாய் கடன் என்று கருதியது ஏன்?
2. 'அ' கடையில் 90 பேனாக்கள் ஒவ்வொன்றும் 10 ரூபாய்க்கும், 'ஆ' கடையில் 10 பேனாக்கள் ஒவ்வொன்றும் 30 ரூபாய்க்கும் விற்றன. பேனா ஒன்றின் சராசரி விலையை இரு முறையிலும் கணக்கிட்டு, எது சரி எனக் காரணத்துடன் எழுதுக.
3. டான்வர்ஸ், தாதாபாய் இருவருள் எவர் வாதம் உமக்கு ஏற்புடையது? பத்து வரிகளில் எழுதுக.