சீகன்பால்கு ஐயரும் தரங்கம்பாடி அச்சுக்கூடமும்



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் உலை, மோல்டு, வார்ப்பு என்று ஒரே அனல். நம்ம பவுண்டரி ஷாப்பிலும் அதே கதைதான். இந்த வேலைக்கும் புத்தகத்துக்கும் என்னடா சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நிறைய சம்பந்தம் இருக்கு. தமிழில் ஒரு புத்தகம் அச்சாக வேண்டுமென்றால் முதலில் புலவர் வேண்டும், சரி. ஆனால் அடுத்ததாக ஈயம் உருக்குகிற ஆள் வேண்டும். இதை நேரில் பட்டுத் தெரிந்துகொண்டவர்தான் பர்த்தலோமேயு சீகன்பால்கு. நம் ஊர் மக்கள் அவரைச் சீகன்பால்கு ஐயர் என்பார்கள்.

1682-ல் ஜெர்மனியில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். சின்ன வயசிலேயே பெற்றோரை இழந்தவர். உடம்பும் சரியில்லாத உடம்பு. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, 1706 ஜூலை 9 அன்று நண்பர் புளுட்சோவுடன் தரங்கம்பாடியில் கால் வைத்தார். அப்போது அவருக்கு வயது 24 கூட நிரம்பவில்லை. தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620-லேயே, டேனிஷ்காரர்களுக்குக் கிடைத்த ஊர் அது.

வந்தது மதம் பரப்ப. அதில் நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அவர் தமிழ் படித்த விதம் இருக்கே, அதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி எழுதிப் படித்தார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1708-ல் தம்மிடம் இருந்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியலே எழுதினார். அதில் நூற்றுக்கும் மேலான நூல்கள்!

அந்த வருஷக் கடைசியில் டேனிஷ் கோட்டைத் தளபதியோடு தகராறு முற்றி, நாலு மாதம் சிறையில் கிடந்தார். வெளியே வந்தும் வேலையை விடவில்லை. 1711-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்தார்.

முடித்தாச்சு, ஆனால் ஊருக்குக் கொடுப்பது எப்படி? ஓலையில் எழுத்தாணியால் கீறிப் படியெடுக்க ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுத்துப் பார்த்தார். ஒரு படி முடியவே நாட்கணக்கு ஆச்சு, செலவும் ஏறிப் போச்சு. தமிழ் அச்சு இதற்கு முன்பே நம் நாட்டில் இருந்ததுதான். 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கப் புத்தகம் வந்தது. ஆனால் அந்த வேலை தொடர்ந்து நிற்கவில்லை. ஆகவே சீகன்பால்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவ சங்கம் அச்சு இயந்திரமும் காகிதமும் கொடுத்து உதவியது. கூடவே ஒரு அச்சுக்காரரும் கப்பல் ஏறினார். வழியில் ரியோ டி ஜெனிரோ அருகே பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். மீட்டு வந்தால், அச்சுக்காரர் நன்னம்பிக்கை முனை பக்கத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். 1712-ல் மிஷின் மட்டும் வந்து இறங்கியது, ஓட்ட ஆள் இல்லை! கடைசியில் டேனிஷ் படையில் அச்சு வேலை தெரிந்த ஒரு சிப்பாயைத் தேடிப் பிடித்து, முதலில் போர்த்துக்கீசியப் புத்தகங்களை அடித்தார்கள்.

தமிழ் எழுத்தை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்தார்கள். இங்கிருந்து போன எழுத்து மாதிரிகளைப் பார்த்து, தமிழே தெரியாதவர்கள் வெட்டிய எழுத்து. 1713-ல் ஆட்லர் என்ற அச்சுக்காரர் அவற்றைக் கொண்டுவந்தார். புத்தகமும் அச்சானது. ஆனால் எழுத்து மிகப் பெரிசு. இந்த எழுத்தில் புதிய ஏற்பாட்டை முழுக்க அடித்தால் காகிதத்துக்கு எங்கே போவது? காகிதமும் கப்பலில்தானே வரணும்!

இந்த இடத்தை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எழுத்தின் உயரமும் அகலமும் பாதியானால், ஒரு பக்கத்தில் நாலு மடங்கு எழுத்து அடங்கும். நாலு ரீம் காகிதத்து வேலை ஒரு ரீமில் முடியும். கணக்கு என்னவோ சுலபம்தான். செய்வதுதான் கஷ்டம். ஒவ்வொரு எழுத்துக்கும் கெட்டி உலோகத்தில் பஞ்ச் வெட்டணும், அதை அடித்து அச்சுக்குழி எடுக்கணும், அதில் ஈயத்தை ஊற்றணும். வெறும் ஈயம் மெத்து. அதனால் ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்ப்பார்கள். ஆன்டிமனி சேர்ந்தால் கெட்டியாகும், ஆறும்போது சுருங்குவதும் குறையும். ஷ்ரிங்கேஜ் அலவன்ஸ் என்று நாம் நோட்டில் எழுதுகிறோமே, அந்தத் தலைவலி எழுத்து வார்ப்பிலும் உண்டு. அதிலும் தமிழுக்கு க வேறு, கி வேறு, கு வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு. ஆட்லர் இதைத் தரங்கம்பாடியிலேயே செய்து, சின்ன எழுத்து வார்த்தார். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடியைக்கூட உருக்கினார்கள் என்று சொல்வார்கள்.

வேலை எப்படி நடந்திருக்கும்? கம்பாசிட்டர் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிக் கோக்கணும். மை தடவணும், காகிதத்தை வைத்து, திருகு அச்சின் கைப்பிடியைத் தோள்பலம் கொண்டு இழுக்கணும். காய வைக்கணும். புரூப் பார்க்கணும். அடித்து முடித்த எழுத்தைக் கழுவிப் பிரித்து மறுபடி அறைகளில் போட்டால்தான் அடுத்த பக்கத்துக்கு எழுத்து இருக்கும். வரலாற்றுப் புத்தகங்களில் சீகன்பால்கு, ஆட்லர் பெயர்கள்தான் முன்னே நிற்கின்றன. மை தடவிய கைகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

1714-ல் நான்கு சுவிசேஷங்கள் வந்தன. மீதியும் சேர்ந்து 1715-ல் புதிய ஏற்பாடு முழுசாக முடிந்தது. அப்போது சீகன்பால்கு ஊரில் இல்லை, ஐரோப்பாவில் இருந்தார். கூட இருந்த கிருண்ட்லர்தான் அச்சு வேலையைப் பார்த்துக்கொண்டார். காகிதத் தட்டுப்பாட்டுக்கு முடிவு கட்ட, பக்கத்தில் பொறையாறில் ஒரு காகித ஆலையும் போட்டார்கள். எழுத்து வார்ப்பு, காகிதம், மை, பைண்டிங் எல்லாம் சேர்ந்தால், இந்தக் காலத்துக் கணக்கில் அது ஒரு சின்ன சிப்காட்டேதான்!

1716-ல் ஹாலேயில் அவருடைய தமிழ் இலக்கண நூல் லத்தீனில் அச்சானது. அதே வருஷம் கல்யாணம் முடித்து மனைவியோடு திரும்பினார். ஆனால் கோப்பன்ஹேகனில் இருந்த மிஷன் மேலிடத்துக்கு இந்தக் கட்டடம், செலவு, நிர்வாகம் எதுவும் பிடிக்கவில்லை. குறை சொல்லிக் கடிதத்துக்கு மேல் கடிதம். ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவருக்கு உலைச்சூடு எப்படித் தெரியும், சொல்லுங்கள்! ஏற்கெனவே நலிந்த உடம்பு, மனசும் உடைந்துபோச்சு. 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தார். வயது 36. முந்தைய வருஷம் தாமே திறந்துவைத்த புது எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

இன்னொன்று சொல்லணும். நம் ஊர்த் தெய்வங்களைப் பற்றி, நம்மவர்களிடமே கேட்டும் ஓலைகளைப் படித்தும், 1713-ல் ஒரு பெரிய நூலை எழுதி ஹாலேவுக்கு அனுப்பியிருந்தார். சாமிகளை ஒழிக்கத்தானே அனுப்பினோம், அவற்றைப் பற்றி எழுதவா அனுப்பினோம் என்ற நினைப்பில் மேலிடம் அதை அச்சிடாமல் வைத்துவிட்டது. ஒரு அச்சுக்கூடத்தையே உண்டாக்கியவரின் அந்தப் புத்தகம் அச்சேறியது 1867-ல், நம்ம சென்னையில். அவர் இறந்து 148 வருஷம் ஆகியிருந்தது.