கல்லின் வயதும் கலாயோகியும்

செவ்வாய்க் கோளில் 2012 ஓகஸ்டில் இறங்கிய கியூரியோசிற்றி ஊர்தி, அங்குள்ள சேற்றுப்பாறை ஒன்றைத் துளையிட்டு, அத்தூளைத் தன்னுள் இருந்த சிறு உலையிற் சூடாக்கியது. வெளியேறிய ஆகன் வாயுவும் கல்லிலிருந்த பொற்றாசியமும் அளக்கப்பட்டன. வயது சுமார் 421 கோடி ஆண்டுகள். 35 கோடி கூடலாம், குறையலாம் என 2013 டிசெம்பரில் முடிவு வெளியாயிற்று. வேற்றுக் கோளொன்றில், இருந்த இடத்திலேயே ஒரு பாறையின் வயது கணிக்கப்பட்டது அதுவே முதன்முறை.

இவ்வளவையியலின் தொட்டிற் பருவத்தில் நமது நாட்டுக் கல்லொன்றுக்கும் பங்குண்டு. அதனுடன் இணைந்த பெயர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. நடராசர் திருவுருவத்தையும் ராஜபுத்திர ஓவியத்தையும் உலகுக்கு விளக்கியவராகவே அவரை நாம் அறிவோம். அவர் முதலிற் கையிலெடுத்தது பாறை உடைக்கும் சுத்தியலை என்பதை மறந்துவிட்டோம்.

1877 ஓகஸ்ட் 22இல் கொழும்பிற் பிறந்தார். தந்தை சட்டசபை உறுப்பினர் சேர் முத்து குமாரசுவாமி. தாய் ஆங்கிலேயரான எலிசபெத் பீபி. இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தார். 1900இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் சிறப்புப் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராக இருந்தார். 1903இல் பிரையர் என்பாருடன் சேர்ந்து புதிய கனிப்பொருளொன்றை விவரித்து, அதற்குச் செரண்டிபைற்று எனப் பெயரிட்டார். அரபு வணிகர் நம் தீவுக்கு வழங்கிய ஸரந்தீப் என்ற பெயர் இவ்வாறு ஒரு கல்லில் நிலைத்தது.

அதனினும் முக்கியமானது மற்றொன்று. சப்ரகமுவையின் பலாங்கொடைப் பகுதியில் இரத்தினக்கல் தேடுவோர் இல்லம் அரிக்கையிற் கூடையின் அடியிற் பாரமான கரிய மணிகள் தங்குவதுண்டு. 1904இல் அவை குமாரசுவாமியின் கவனத்துக்கு வந்தன. யுரேனியக் கனிப்பொருளென்றே அவர் முதலிற் கருதினார். லண்டனில் விண்டம் டன்ஸ்ரன் பகுத்தாய்ந்தபோது பெரும்பகுதி தோரியம் எனத் தெரியவந்தது. தோரியனைற்று என்ற பெயர் அதனாலேயே அமைந்தது.

யுரேனியமும் தோரியமும் மாறாத வேகத்திற் சிதைந்து ஈலியத்தையும் இறுதியில் ஈயத்தையும் விட்டுச்செல்கின்றன. கல்லில் எஞ்சியதையும் சேர்ந்ததையும் ஒப்பிட்டால் வயது கிடைக்கும். பூமிக்கே 2 முதல் 4 கோடி ஆண்டுதான் வயதென்று கெல்வின் பிரபு கூறிவந்த காலம் அது. 1907இல் அமெரிக்கரான போல்ற்வுட் ஈயத்தைக் கொண்டு கணித்தபோது, இலங்கைத் தோரியனைற்று ஒன்றுக்கு 220 கோடி ஆண்டு வந்தது. தோரியமும் ஈயமாகும் என்பதை அவர் கணக்கிற் சேர்க்காததால் வந்த மிகை அது. 1910இல் ஸ்ரட் ஈலியத்தை அளந்து, குறைந்தது 28 கோடி என்றார். வாயு கசிந்துவிடுவதால் இது குறைவு. சப்ரகமுவைக் கற்களுக்குச் சுமார் 55 கோடி ஆண்டு என்பதே இன்றைய கணிப்பு. கல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய கல்முனைக்கு மேற்கே எழும் குன்றுகளின் விஜயன் தொகுதிப் பாறைகளோ சுமார் 100 கோடி ஆண்டுப் பழைமையானவை.

இக்கணக்குகள் முற்றுப்பெறுமுன்பே குமாரசுவாமி அத்துறையை விட்டு விலகிவிட்டார். கனிப்பொருள் தேடிக் கிராமங்களுக்குச் சென்றவர், அங்கே நலிந்துகொண்டிருந்த கைவினைஞரைக் கண்டார். 1905இல் இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார். 1906இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. இரண்டாண்டில் வெளிவந்ததோ மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல். விஞ்ஞானத்தைக் கைவிட்டார் என்போர் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கல்லை வகைப்படுத்திய அதே பொறுமையே சிலைகளையும் ஓவியங்களையும் வகைப்படுத்தியது. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர் சிங்களவரின் கலைக்கு வரலாறு எழுதியதை, இனத்துக்கொரு அறிஞரைப் பங்கிட்டுக்கொள்ளும் இத்தீவு இன்னும் சரிவர உள்வாங்கவில்லை.

1917 முதல் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அரும்பொருளகத்திற் பணியாற்றினார். பாரசீக, மொகலாயக் கலையில் ஹில்று நபியும் ஜீவ ஊற்றும் இடம்பெறுமாற்றை 1934இல் ஆராய்ந்து எழுதினார். கதிர்காமத்துப் பள்ளிவாசலோடு சேர்த்து அந்நபியின் பெயரைக் கேட்டு வளர்ந்த நம் கரையோர வாசகருக்கு அக்கட்டுரை அந்நியமாயிராது. 1947 செப்டெம்பர் 9இல், எழுபது வயது நிறைந்த மூன்றாம் வாரத்தில், மசச்சூசெற்ஸின் நீடம் என்ற ஊரிற் காலமானார். இலங்கை சுதந்திரம் பெற அப்போது ஐந்து மாதங்கள் இருந்தன.