நீதியரசன் நவ்ஷிர்வானும் செருப்புத் தைப்பவனின் மகனும்

கடந்த தவணையில் ஒரு நாள், ஆசிரியர் வராத வகுப்பொன்றுக்குப் போயிருந்தேன். தரம் ஒன்பது. ஒரு மாணவன் எழுந்து, நபி (ஸல்) அவர்களின் கடிதத்தைக் கிழித்த கிஸ்ராவும், ஜும்ஆ பயானில் நீதிமான் என்று சொல்லப்பட்ட பாரசீக மன்னனும் ஒருவர்தானா என்று கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் மணி அடிக்க ஐந்து நிமிடமே இருந்தது. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கிஸ்ரா என்பது ஒரே ஆளின் பெயரல்ல. குஸ்ரூ என்ற பாரசீகப் பெயரை அரபிகள் அவ்வாறு உச்சரித்தார்கள். பின்னர் பாரசீக மன்னர் எல்லோரையும் குறிக்கும் பட்டமாகவே அது மாறிவிட்டது. கடிதத்தைக் கிழித்தவர் இரண்டாம் குஸ்ரூ பர்வேஸ். நீதிமான் என்று பெயர் பெற்றவர் அவருடைய பாட்டனார் முதலாம் குஸ்ரூ. நவ்ஷிர்வான் என்று நாம் கேள்விப்படுபவர் இவர்தான். சாசானிய வம்சத்தைச் சேர்ந்த இவர் 531 முதல் 579 வரை, நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆண்டார். நபி (ஸல்) அவர்கள் பிறந்தது இவருடைய ஆட்சிக்காலத்தில்தான்.

நீதிமான் என்ற பெயர் சும்மா வரவில்லை. அதற்கு முன்பு பாரசீக விவசாயி விளைச்சலில் ஒரு பங்கை வரியாகக் கொடுத்தான். அதிகாரி வந்து மதிப்பிடும் வரை தன் தோட்டத்துப் பழத்தைக்கூட அவனால் பறிக்க முடியாது. நவ்ஷிர்வானின் தந்தை கவாத் நிலத்தை அளக்கும் வேலையைத் தொடங்கினார், மகன் அதை நிறைவு செய்தார். நிலத்தின் அளவுக்கும் பயிரின் வகைக்கும் ஏற்ப வரி நிர்ணயிக்கப்பட்டது. வருடத்தில் மூன்று தவணைகளில் செலுத்தலாம். அதிகாரி கூடுதலாக அறவிட்டால் கண்டுபிடிப்பதற்காக வரிப் பட்டியலின் பிரதிகள் நீதிபதிகளுக்கும் அனுப்பப்பட்டன. பிற்காலத்தில் இராக்கில் உமர் (ரழி) அவர்கள் செய்த நிலவரி ஏற்பாட்டுக்கும் இதுவே அடிப்படை என்று வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார்.

அறிவைத் தேடுவதிலும் இந்த மன்னருக்கு அலாதியான ஆசை இருந்தது. 529இல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் ஏதென்ஸ் நகரின் தத்துவப் பள்ளிகளுக்குத் தடை போட்டபோது, ஏழு அறிஞர்கள் இவருடைய அரண்மனையை நாடி வந்தார்கள். அங்கே அவர்களுக்கு மனம் ஒட்டவில்லை, ஊர் திரும்ப விரும்பினார்கள். 532இல் ரோமருடன் சமாதானம் செய்தபோது, அந்த அறிஞர்களை யாரும் துன்புறுத்தக்கூடாது என்ற நிபந்தனையையும் உடன்படிக்கையில் சேர்த்துத்தான் அனுப்பி வைத்தார். ஜுந்திஷாப்பூரில் மருத்துவம் செழித்தது. புர்ஸோய் என்ற வைத்தியர் இந்தியாவுக்குப் போய் பஞ்சதந்திரக் கதைகளைக் கொண்டு வந்து பாரசீக மொழியில் ஆக்கினார். அதுவே இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு இப்னுல் முகஃப்பஃவின் கையால் அரபியில் கலீலா வதிம்னாவாக மலர்ந்தது. சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கு வந்ததும் இவர் காலத்தில்தான் என்பது பாரசீகரின் மரபு.

நமது இலங்கைக்கும் அந்தக் காலத்தில் பங்கிருக்கிறது. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய கிரேக்க வணிகரான கொஸ்மஸ், இத்தீவில் குடியேறியிருந்த பாரசீகக் கிறிஸ்தவர்களையும் அவர்களது தேவாலயத்தையும் பாரசீகத்திலிருந்து இங்கு வந்த குதிரைகளையும் பற்றிக் குறிப்பிடுகிறார். சீனப் பட்டு நம் துறைமுகங்களுக்கு வந்து இங்கிருந்து பாரசீகக் கப்பல்களில் ஏறியது. அநுராதபுரத்தில் 1912இல் கிடைத்த கல்லில் செதுக்கிய சிலுவையை அந்தக் குடியேற்றத்தோடு தொடர்புபடுத்துவோர் உண்டு.

இவ்வளவும் உண்மை. ஆனால் பயானில் சொல்லப்படாத பக்கமும் உண்மை. சொத்தை எல்லோரும் பகிர வேண்டும் என்று போதித்த மஸ்தக் என்பவரையும் அவரைப் பின்பற்றியோரையும் கொன்றொழித்ததில் இளவரசராக இருந்த இவருக்குப் பெரும் பங்குண்டு. ரோமருடன் செய்த சமாதானத்துக்கு நிரந்தர சமாதானம் என்று பெயர் வைத்தார்கள். எட்டே வருடங்களில், 540இல், அதை மீறி அந்தியோக்கியா நகரைச் சூறையாடி எரித்தார். பிடித்த மக்களைக் கொண்டுவந்து, தலைநகர் மதாயினுக்குப் பக்கத்தில் அதே போன்ற இன்னொரு நகரைக் கட்டிக் குடியேற்றினார்.

நீதியுள்ள அரசனின் காலத்தில் தாம் பிறந்ததாக நபியவர்கள் கூறினார்கள் என்றொரு செய்தியும் உலாவுகிறது. அது ஆதாரமற்றது என்பது ஹதீஸ்கலை அறிஞர்களின் தீர்ப்பு. ஒருவரின் புகழ் பெருகும்போது அதற்குப் பொய்ச் சாட்சிகளும் சேர்ந்துவிடுகின்றன.

இவரைப் பற்றிய இரண்டு கதைகளை அருகருகே வைத்துப் பார்ப்பது என் வழக்கம். ஒன்று ஸஅதீயின் குலிஸ்தானில் உள்ளது. வேட்டைக்குப் போன இடத்தில் இறைச்சி சமைக்க உப்பில்லை. பக்கத்துக் கிராமத்துக்கு ஆள் அனுப்பிய மன்னர், காசு கொடுத்தே வாங்க வேண்டும், இல்லாவிட்டால் இதுவே வழக்கமாகி ஊர் அழிந்துவிடும் என்கிறார். பயான்களில் நாம் கேட்பது இந்தக் கதையைத்தான்.

மற்றது பிர்தௌஸியின் ஷாநாமாவில் இருக்கிறது. ரோமருடன் யுத்தம் நடக்கிறது, படைக்குப் பணம் போதவில்லை. வசதி படைத்த ஒரு செருப்புத் தைப்பவன் கடன் தர முன்வருகிறான். பதிலுக்கு அவன் கேட்பது ஒன்றே ஒன்று: தன் மகன் படித்து எழுத்தர் ஆவதற்கு அனுமதி. மன்னர் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். செருப்புத் தைப்பவனின் மகன் எழுத்தனாகிவிட்டால் நற்குடிப் பிறந்தோரின் இடம் என்னாவது என்பது அவருடைய கவலை.

இரண்டும் கதைகள்தான், நடந்தவை என்று சாதிக்க மாட்டேன். ஆனால் இரண்டாவது கதை காட்டும் அமைப்பு கற்பனையல்ல. சாசானிய சமூகம் மதகுருமார், போர்வீரர், எழுத்தர், பொதுமக்கள் என்று நான்கு தட்டுகளாகப் பிரிந்திருந்தது. கீழ்த்தட்டிலிருந்து மேலே ஏறுவது மிக அரிது. தலைவரியிலும் பிரபுக்களுக்கும் குருமாருக்கும் வீரருக்கும் எழுத்தருக்கும் விலக்கு இருந்தது. உப்புக்குக் காசு கொடுக்கச் சொன்ன அதே மனிதருக்கு, ஒரு பிள்ளையின் படிப்பை மறுப்பது அநீதியாகத் தோன்றவில்லை. தம் காலத்தின் ஒழுங்கைக் காப்பதையே அவர் நீதி என்று நம்பினார்.

இந்தக் கதையை ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போதுதான் முதன்முதலில் கேட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வாப்பா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடையும் செருப்பும் தைத்தவர். எனக்காக அவர் எந்த மன்னரிடமும் கடன் பேசத் தேவைப்படவில்லை. 1945இல் இந்த நாட்டுக்கு வந்த இலவசக் கல்வி எனக்காகவும் காத்திருந்தது.

ஆனால் வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு, மீன் வியாபாரி ஒருவரின் மகனைப் பற்றி ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. அவனுக்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் சரிவராது, வாப்பாவோடு தொழிலுக்குப் போனால் பிழைத்துக்கொள்வான் என்று நானே சொன்னேன். அவனுடைய புள்ளிகளை நான் பார்த்திருக்கவில்லை, வாப்பாவின் தொழில் மட்டும்தான் தெரியும். அவனுக்கு விஞ்ஞானம் கிடைக்கவில்லை. இன்று அவன் சந்தையில் நிற்கிறான், என்னைக் கண்டால் மரியாதையாக ஸலாம் சொல்கிறான். பதில் ஸலாம் சொல்லும்போதெல்லாம் ஷாநாமாவின் செருப்புத் தைப்பவன் என் நினைவுக்கு வருகிறான்.

மதாயினில் நவ்ஷிர்வானின் பெயரோடு அறியப்படும் அரண்மனையின் பெரிய செங்கல் வளைவு இன்னும் நிற்கிறது. பக்தாதுக்குத் தெற்கே, தாக் கிஸ்ரா என்பார்கள். 1888 வெள்ளத்தில் அதன் ஒரு பக்கச் சுவர் போய்விட்டது. பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கள், உப்புக் கதையையும் சொல்லுங்கள். கூடவே மற்றக் கதையையும் சொல்லுங்கள். அதன் பிறகு, அடுத்த முறை மாணவர்களைத் துறை பிரிக்க உட்காரும்போது, வாப்பாவின் தொழில் எழுதிய பத்தியை மறைத்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் பாருங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.