மூன்றாம் தசமம் வரை மாறாத எண்

பிரித்தானியாவில் வாழும் நம்மவர் வீடுகளில் ‘இலெவன் பிளஸ்’ பரீட்சை பற்றித் தெரியாதவர்கள் குறைவு. பதினொரு வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரிக்கலாம் என்ற எண்ணத்துக்குப் பக்கபலமாக நின்ற அறிஞர்களில் ஒருவர் சேர் சிரில் பேர்ட்.

1883இல் லண்டனில் பிறந்த அவர், 1913இல் லண்டன் கவுண்டி கவுன்சிலின் உளவியலாளரானார். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளையும் வழிதவறிய சிறுவர்களையும் பற்றி அவர் எழுதிய நூல்கள் ஆசிரியர்களிடையே பெயர் பெற்றவை. பின்னர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து 1950இல் ஓய்வு பெற்றார். 1946இல் சேர் பட்டம் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பிரித்தானிய உளவியலாளர் அவரே. 1971இல் காலமானார்.

நுண்ணறிவு பெரும்பாலும் பரம்பரையால் வருவது என்பது அவரது கொள்கை. பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த ஒத்த இரட்டையர்களை அதற்குச் சான்றாகக் காட்டினார். 1955இல் 21 சோடிகள், 1966இல் 53 சோடிகள். ஆனால் சோடிகளின் புள்ளிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண் இரண்டு தடவையும் 0.771.

கணக்காளர்களாகிய நாங்கள் இதைக் கண்டால் என்ன செய்வோம்? வியாபாரம் இரண்டரை மடங்காகியும் இலாப வீதம் மூன்றாம் தசமம் வரை அசையவில்லை என்றால், பேரேட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பற்றுச்சீட்டுகளைக் கேட்போம். உளவியல் துறையிலோ அவர் உயிரோடு இருந்தவரை பெரும்பாலும் யாரும் இதைக் கேள்விக்குட்படுத்தவில்லை. அவ்வளவு மரியாதை.

அவர் இறந்த பின்னரே அமெரிக்க உளவியலாளர் லியோன் கமின் இந்த எண்களைச் சுட்டிக்காட்டினார். 1976இல் சண்டே டைம்ஸ் பத்திரிகை, பேர்ட்டின் உதவியாளர்களாகப் பெயர் குறிக்கப்பட்ட இரு பெண்களைத் தேடியும் காணவில்லை என்று எழுதியது. பேர்ட்டின் நினைவுக் கூட்டத்தில் புகழுரை ஆற்றிய லெஸ்லி ஹேர்ன்ஷோவே அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் ஆராய்ந்து, தரவுகள் புனையப்பட்டவை என்ற முடிவுக்கு 1979இல் வந்தார். பிரித்தானிய உளவியல் சங்கமும் அதை ஏற்றுக்கொண்டது.

கதை அதோடு முடியவில்லை. 1989இலும் 1991இலும் பேர்ட்டுக்காக வாதாடி இரண்டு நூல்கள் வந்தன. 1992இல் சங்கம் இந்த விடயத்தில் தனக்கு நிலைப்பாடு இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது. அவரது ஆய்வுத் தாள்களில் பெரும்பகுதி இறப்புக்குப் பின் எரிக்கப்பட்டுவிட்டதால், குற்றத்தையும் முழுதாக நிரூபிக்க முடியவில்லை, நிரபராதி என்றும் காட்ட முடியவில்லை. கையில் ஆவணம் இல்லாதவர் படும் பாடு அகதியாய் வந்த நமக்குப் புதிதல்ல.

துறை செய்த நல்ல காரியம் வேறொன்று. அமெரிக்காவின் மினசோட்டாவில், பிரிந்து வளர்ந்த இரட்டையர்களைப் புதிதாகத் தேடி 1979 முதல் அளந்தார்கள். 1990இல் வெளிவந்த முடிவு பேர்ட்டின் எண்ணுக்குக் கிட்டத்தான் இருந்தது. அதனால் பேர்ட்டின் கணக்குச் சரியென்று ஆகிவிடாது. மீதி பொருந்தினாலும் பற்றுச்சீட்டு இல்லாத பதிவை எந்தக் கணக்காய்வாளரும் ஏற்கமாட்டார். ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப் பயன்படும் எண்ணுக்கு அதைவிடக் குறைந்த அளவுகோல் போதாது.