பார்சிவல் பாதிரியார்

யாழ்ப்பாணத்துச் சைவர் நன்றியோடும் சிறிது மனத்தாங்கலோடும் ஒருங்கே நினைக்கும் பாதிரியார் பீற்றர் பார்சிவல். 1803இல் இங்கிலாந்திற் பிறந்து, வெஸ்லியன் மிஷனைச் சார்ந்து 1826இல் இலங்கைக்கு வந்தவர். அவர் நடாத்திய ஆங்கிலப் பாடசாலையே இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாகும்.

கிறிஸ்து சமயத்தை அறியாதார்க்கு அதனை உரைக்கப் புகுந்த பலர், மக்களது பிடிவாதத்தையே நொந்தனர். பார்சிவலோ தம்மவரது தமிழை நொந்தார். வழுமலிந்த நடையிலுள்ள வேதநூலைக் கற்றோர் எங்ஙனம் மதிப்பர்? ஆதலின், தம்மிடம் பயின்று தம் பாடசாலையிலேயே ஆசிரியராயிருந்த ஆறுமுகம்பிள்ளையைத் துணைக்கொண்டு, விவிலியத்தைப் புதிதாக மொழிபெயர்ப்பித்தார். அவ்விளைஞர் நீறணிந்த சைவராகவே அப்பணியைச் செய்தார். அதற்கு இடங்கொடுத்த பெருந்தன்மையை நாம் மறத்தலாகாது. இருவரும் சென்னைக்குச் சென்று, மகாலிங்கையரிடம் காட்டி அவரது பாராட்டைப் பெற்றனர். 1850இல் நூல் வெளிவந்தது. எனினும் மிஷன்மார் பலர் அதனை ஏற்றிலர். 1871இல் முற்றுப்பெற்ற பவர் ஐயரின் திருத்தமே வழக்கில் நிலைத்தது.

இதற்கிடையில், விவிலியத்தை எழுத்தெண்ணிக் கற்ற துணைவர் நாவலராகி, 1854இல் சைவதூஷணபரிகாரத்தை வெளியிட்டார். மிஷன்மாரின் கண்டனங்களுக்கு அவர் விவிலியத்திலிருந்தே விடை காட்டினார்!

பார்சிவல் பின்னர் சென்னையில் வாழ்ந்து தினவர்த்தமானிப் பத்திரிகையை நடாத்தினார். அதன் ஆசிரியராக நம்மவராகிய தாமோதரம்பிள்ளையை அழைப்பித்தவரும் அவரே. 1842இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்ட பழமொழித் திரட்டை விடாது பெருக்கிவந்தார். நம்மூர்க் கிழவிமார் வாய்மொழியெல்லாம் அவருக்குப் பொருளாயின. 1874இல் அது ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளோடு வெளிவந்தது. 1882இல் ஏற்காட்டிற் காலமானார்.