14 வயதில் பிடித்த கிறுக்கு... 29 வயதில் கிடைத்த விடை!

டீன் ஏஜ் பசங்க நாலு பேர், ஒரு பாழடைந்த அரண்மனை, சுவரெல்லாம் யாராலும் படிக்க முடியாத எழுத்து, துரத்த ஒரு வில்லன், கையில் எதிர்காலத்திலிருந்து வந்த ஒரு கருவி. கடைசி அத்தியாயத்துக்குள் எழுத்தின் ரகசியம் உடைந்துவிடும். இந்த மாதிரிக் கதைகளை நம் வீட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டைக்கூடப் பார்க்காமல் படிப்பார்கள். நிஜத்திலும் அப்படி ஒரு பையன் இருந்தான். வில்லன் கிடையாது, கருவி கிடையாது. பென்சிலும் பேப்பரும்தான். முடிக்க 16 வருஷம் ஆனது.

1936. லண்டன் பர்லிங்டன் ஹவுஸில் ஒரு கண்காட்சி. ஸ்டோவ் பள்ளி மாணவர்களை ஆசிரியர் அழைத்துப் போயிருந்தார். அங்கே 85 வயது ஆர்தர் ஈவான்ஸ் இருந்தார். கிரீட் தீவில் நாசஸ் அரண்மனையைத் தோண்டி எடுத்தவர். அங்கே கிடைத்த களிமண் பலகைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். 3,000 வருடத்துக்கும் மேல் பழசு. எழுத்துக்கு 'லீனியர் பி' என்று பெயர் வைத்ததும் அவர்தான். இதை இன்னும் யாருமே படிக்கவில்லையா என்று 14 வயது மைக்கேல் வென்ட்ரிஸ் கேட்டான். இல்லை என்று பதில் வந்தது. அவ்வளவுதான், பையனுக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது.

மொழி அவனுக்குப் புதுசு இல்லை. அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரி, நோயாளி. அம்மா வழியில் போலந்துத் தொடர்பு. படித்தது சுவிட்சர்லாந்தில், பிரெஞ்சிலும் ஜெர்மனிலும். எகிப்தியச் சித்திர எழுத்து பற்றிய ஜெர்மன் புத்தகத்தை ஏழு வயதிலேயே வாசித்தவன். ஆனால், வீட்டில் நிம்மதி இல்லை. அப்பா அம்மா பிரிந்தார்கள். 1938-ல் அப்பா இறந்தார். போலந்தைப் போர் விழுங்கியபோது அம்மா குடும்பத்தின் வருமானமும் போனது. 1940-ல் அம்மாவும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மைக்கேலுக்கு அப்போது 18 வயதுகூட நிறையவில்லை.

அதே வருடம்தான் அமெரிக்காவின் தொல்லியல் இதழ் ஒன்றில் அவன் கட்டுரை வெளியானது. வயதைச் சொன்னால் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லவே இல்லை! பலகைகளில் இருப்பது, பழைய இத்தாலியில் வழங்கிய எட்ருஸ்கன் மொழிக்குச் சொந்தக்கார மொழி என்பது கட்டுரையின் வாதம். அழகான வாதம். ஆனால், தப்பு. அந்தத் தப்பை அவர் அடுத்த 12 வருடம் விடவே இல்லை.

நடுவில் வாழ்க்கையும் ஓடியது. கட்டடக்கலை படித்தார். உடன் படித்த லோயிஸைக் கல்யாணம் செய்துகொண்டார். போரில் குண்டுவீச்சு விமானத்தில் வழிகாட்டியாகப் பறந்தார். பிறகு, கல்வி அமைச்சகத்தில் பள்ளிக்கூடங்களை வடிவமைக்கும் வேலை. லீனியர் பி எல்லாம் ராத்திரியில்தான். பல்கலைக்கழகத்தில் ஒரு நாள்கூட கிரேக்கமோ தொல்லியலோ படித்தவர் இல்லை அவர்.

படிக்கப் பலகைகள் வேண்டுமே? ஈவான்ஸ் தான் எடுத்ததில் பெரும்பகுதியை வெளியிடாமலே 1941-ல் இறந்துவிட்டார். ஒரு மனிதரின் பிடிவாதத்தால் 40 வருஷம் ஓர் எழுத்து பூட்டிக் கிடந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

இங்கே ஒரு பெண்ணைச் சொல்லாமல் போகவே முடியாது. நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரி ஆசிரியை ஆலிஸ் கோபர். போர்க்காலத்தில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு. வாழ்த்து அட்டை, தேவாலய நோட்டீஸ் என்று கிடைத்ததை வெட்டிக் குறிப்பு எழுதினார். சிகரெட் அட்டைப்பெட்டிகளில் அடுக்கினார். 1,80,000 துண்டுகள்! என்ன மொழி, என்ன ஒலி என்று அவர் ஊகிக்கவே மாட்டார். எந்தச் சொல் எப்படி முடிகிறது என்று மட்டும் எண்ணினார்.

அவர் கண்டுபிடித்தது தமிழ் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஓடு, ஓடி, ஓட. முதல் எழுத்து மாறவில்லை; கடைசி மட்டும் டு, டி, ட என்று மாறுகிறது. மெய் ஒன்று, உயிர் வேறு. நம் எழுத்தில் வடிவத்தைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும். லீனியர் பி-யில் 'டி'க்கும் 'டு'வுக்கும் வடிவத்தில் சம்பந்தமே இருக்காது. சொல்லின் வாலைப் பார்த்துத்தான் இரண்டும் உறவு என்று பிடிக்க வேண்டும். கோபர் பிடித்தார். 1950-ல், 43 வயதில் இறந்துபோனார்.

அதே வருடம் வென்ட்ரிஸ் இத்துறை அறிஞர்களுக்கெல்லாம் கேள்விப் பட்டியல் அனுப்பினார். பதில்களைத் தொகுத்துவிட்டு, இனி கட்டட வேலைதான், ஆளை விடுங்கள் என்று அறிவித்தார். முடிந்ததா? சில மாதத்தில் திரும்பவும் உட்கார்ந்துவிட்டார்!

ஒன்றாம் வகுப்புச் சுவரில் க, கா, கி, கீ அட்டவணை தொங்குமே? அதே அட்டவணையைத்தான் அவர் கட்டினார். மெய்க்கு ஒரு வரிசை, உயிருக்கு ஒரு வரிசை. ஒரே வித்தியாசம், எந்தக் கட்டத்தின் ஒலியும் அவருக்குத் தெரியாது. இன்னின்ன எழுத்து ஒரே வரிசை என்பது மட்டும் தெரியும். ஆக, ஒரு கட்டத்தின் ஒலி தெரிந்தால் அந்த வரிசையே திறந்துகொள்ளும்.

1952-ல் சாவி கிடைத்தது. சில சொற்கள் கிரீட் தீவுப் பலகைகளில் மட்டும் வருகின்றன. கிரேக்க நிலப்பகுதியின் பைலோஸில் கிடைத்தவற்றில் இல்லை. அப்படியானால் ஊர்ப் பெயரோ? நாசஸின் துறைமுகம் அம்னிசோஸ். அதை வைத்துப் பார்த்தார். அ-மி-நி-ஸோ. 'நி' கிடைத்ததும் பக்கத்துக் கட்டத்தில் 'நோ'. அடுத்த சொல்லைப் படித்தால் கோ-நோ-ஸோ... அட, நாசஸ்! ஊர்ப்பெயரை விட்டு மற்ற சொற்களுக்கு வந்தார். கோ-வோ என்றால் பையன், கோ-வா என்றால் பெண். எட்ருஸ்கன் எங்கே போனது? இது கிரேக்கம்!

18 வயதிலிருந்து கட்டிக் காத்த கொள்கையைத் தன் கையாலேயே உடைக்க வேண்டிய இடம் இது. நம்மில் எத்தனை பேர் அட்டவணையை மாற்றியிருப்போம், கொள்கையை விட்டிருக்க மாட்டோம்! ஜூன் 1-ல் அறிஞர்களுக்கு அனுப்பிய குறிப்பில்கூட, இது சும்மா ஒரு விளையாட்டு யோசனை என்றே ஒதுக்கினார். ஆனால், சொற்கள் வந்துகொண்டே இருந்தன. ஜூலை 1-ல் பிபிசி வானொலியில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பலகைகளில் இருப்பது கிரேக்கம்தான், இத்தனை நாள் தான் நினைத்தது தப்பு.

அதைக் கேட்ட கேம்பிரிட்ஜின் ஜான் சாட்விக் கைகோத்தார். பழங்கிரேக்கம் அறிந்தவர். நம்பாத அறிஞர்களும் இருந்தார்கள். அவர்களில் பலரின் வாயை அடைத்தது ஒரு பலகை. பைலோஸில் புதிதாகக் கிடைத்தது, வென்ட்ரிஸ் அதுவரை கண்ணால் பார்க்காதது. 1953-ல் தொல்லியலாளர் கார்ல் பிளேகன் அதில் வென்ட்ரிஸின் அட்டவணையைப் போட்டுப் பார்த்தார். முக்காலி அண்டா படத்தின் பக்கத்தில் டி-ரி-போ என்று வந்தது. கிரேக்கத்தில் மூன்று கால். நாலு காதுள்ள பாத்திரத்துக்குப் பக்கத்தில் நாலு, காதில்லாததற்குப் பக்கத்தில் இல்லை. பாத்திரக் கடை ரசீது மாதிரி அத்தனையும் பொருந்தியது!

ரகசிய மந்திரம், புதையல் வழி ஏதும் பலகைகளில் இல்லை. ஆடு எத்தனை, கம்பளி எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, தேர்ச் சக்கரம் எத்தனை. முழுக்கக் கணக்குப்பிள்ளை எழுதியவை. அரண்மனை எரிந்தபோது பச்சைக் களிமண் சுட்டுக் கெட்டியானதால் பிழைத்தவை. ஆனால், ஹோமருக்குப் பல நூற்றாண்டு முன்பே கிரேக்க மொழியை எழுதிவைத்தார்கள் என்று உலகத்துக்குச் சொன்னது இந்தக் கணக்குதான்.

கதையில் என்றால் இங்கே முடித்துவிடலாம். வென்ட்ரிஸுக்கு அதன் பிறகுதான் கஷ்டம். புதிர் தீர்ந்ததும் ஆர்வம் வடிந்துவிட்டது. கட்டடக்கலைக்கே திரும்பினார். 1956-ல் கிடைத்த ஆய்வுப் பணியையும் தன்னால் முடியாது என்று ஆகஸ்ட்டில் விட்டுவிட்டார். செப்டம்பர் 6, நள்ளிரவு. தனியாகக் காரோட்டிப் போனவர், ஹாட்ஃபீல்டு அருகே நின்றிருந்த லாரியில் மோதினார். வயது 34. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள்.

சாட்விக்குடன் சேர்ந்து எழுதிய பெரிய புத்தகம் அச்சில் இருந்தது. சில வாரம் கழித்து வெளிவந்தது.